ஊசிப்பள்ளத்தில் அந்த மீன் இல்லை என்றாய்

உன் தம்பி செந்தில் போன மாதம் மைசூர் சரஸ்வதிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தான். நீ கண்மூடிய பிறகு அவன் வருவது அதுதான் முதல் தடவை. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "அக்கா பீரோவுல சேலைக்குப் பின்னால இருந்துச்சுங்க. உங்களுக்குத்தான் என்னன்னு தெரியும்னு கொண்டாந்தேன்" என்றான். காகிதத்தைப் பிரிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பிரிட் வாடை. அதற்கு அடியில் மூக்கை லேசாக எரிக்கும் ஃபார்மலின். மீன்களைப் பாட்டிலில் போட்டுப் படிக்கிறவர்களுக்கு இந்த வாடை சேலையிலும் முடியிலும் ஊறியிருக்கும். ஆட்டோக்காரர்கூட நம்மைத் திரும்பிப் பார்ப்பார், நினைவிருக்கிறதா?

பச்சை மூடி போட்ட ஊறுகாய் பாட்டில். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத கெளுத்தி மீன்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஸ்பிரிட் கழுத்துவரை நின்றது.

"காஞ்சு போச்சு, தூக்கிப் போட்டாச்சு" என்று ஊரார் முன்னால் நீ சொன்னது இந்தப் பாட்டிலைத்தான்.

செந்திலுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நாம் ஒரே ஆண்டில், ஒரே கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தர வந்து சேர்ந்தவர்கள். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். நீ ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா அம்மா போனபின் தம்பி ஒருவன்தான் உனக்கு. முதல் நாளே என் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "இதென்ன புள்ள, பாதிக்குப் பாதி கன்னடத்தக் கலந்து பேசற! உன்ற வீட்டுல இப்படித்தான் பேசுவாங்களா?" நான் உன்னுடைய 'என்ற', 'உன்ற'வைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்தேன். சில வருஷத்தில் நான் 'ஏ புள்ள' என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீ எதற்கெடுத்தாலும், விட்டுத்தள்ளு என்பதற்கு, என் வீட்டுக் கன்னடத்தில் 'பிடு' என்றாய்.

ஊசிப்பள்ளத்துக்கு என்னை அழைத்துப் போனதும் நீதான். கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் தாண்டி, மலையடிவாரத்து ஊரில் இறங்கி நடக்க வேண்டும். கோடையிலும் வற்றாத ஓடை. பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி வருவதால் அந்தப் பெயர். தண்ணீர் அங்கே ஓடுவதில்லை, பாய்கிறது. ஒரு அடி எடுத்து வைத்தால் முட்டியை மடக்கித் தள்ளிவிடும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீ காலால் கற்களைப் புரட்டுவாய். நான் கீழே வலையை விரித்துப் பிடித்திருப்பேன். ஊரில் ஆடு மேய்க்கிற ராசம்மா அக்கா கரையில் உட்கார்ந்து நம் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். "படிச்ச புள்ளைங்க இப்படி நனைஞ்சுட்டு நிக்கறீங்களே, சளி புடிக்காதாக்கும்?"

அன்றைக்கு வலையில் பழுப்பாக ஒன்று விழுந்தது. மஞ்சளாக இரண்டு பட்டை, வாயைச் சுற்றி மீசை. சாதாரணக் கல்லுக்கெளுத்தி என்றுதான் நான் நினைத்தேன். நீ அதை உள்ளங்கையில் எடுத்தாய். கையைக் கவிழ்த்தாய். மீன் விழவில்லை. "ஏ புள்ள, இங்க பாரு, என்ற கையில ஒட்டிக்கிச்சு!" என்று நீ போட்ட கூச்சலில் ராசம்மா அக்காவின் ஆடுகள் மிரண்டு ஓடின. நெஞ்சுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கும், அதை வைத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வகைக் கெளுத்திகள் வெள்ளத்தில் நிற்கின்றன என்று இருவருமே வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள்தாம். ஆனால் உன் கையிலிருந்த மீனில் அந்த மடிப்புகள் நாம் அறிந்த எந்த மீனின் மடிப்பையும் போல இல்லை. வாலருகே இருந்த துடுப்பும் வேறு மாதிரி. அதே போல இன்னும் சில வலையில் விழுந்தன. கொண்டுபோன பாட்டில்களெல்லாம் நிறைந்திருந்ததால், தயிர்சாதத்துக்குக் கொண்டுவந்த ஊறுகாயை இலையில் கொட்டிவிட்டு அந்தப் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தாய். திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். குழந்தையைக் கொண்டுபோகிறாற்போல் என்று நான் சொன்னதற்கு, "ஆமா, நம்ம ரெண்டு பேரு புள்ள" என்றாய்.

புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்வது லேசில்லை. பழைய அருங்காட்சியகங்களில் இருக்கிற மீன்களோடு ஒப்பிட வேண்டும். இன்னும் மீன் பிடிக்க வேண்டும். சந்தேகம் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. "அவசரப்படாத. ஒரே தடவதான் சொல்லப்போறோம், சரியாச் சொல்லோணும்" என்பாய். அதுவரை இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். கண்ணாடித் தொட்டி மீன் வியாபாரிகளுக்குத் தெரிந்தால் ஒரே கோடையில் வழித்தெடுத்துப் போய்விடுவார்கள். உனக்கு வேறு கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடம் கிடைத்தபோது பாட்டிலும் உன்னோடு போனது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் வீட்டில் இருந்தால் என்ன, உன்னிடம் இருந்தால் என்ன என்றுதான் இருந்தேன்.

ஊசிப்பள்ளத்தில் அப்படியொரு மீன் இருப்பது நமக்கும் ராசம்மா அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவே பின்னால் உனக்கு வசதியாகப் போகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பள்ளத்தின் குறுக்கே அணை கட்டி, தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சின்னதாக மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியை முதலில் எனக்குச் சொன்னதும் நீதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து ஆட்சேபம் கேட்கிறார்களாம். "போகலாம், சொல்லிடலாம். இனிமே மறைச்சு வெச்சுப் பிரயோஜனமில்ல" என்றேன். நீ சரி என்றாய். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போனோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நீ அதிகம் பேசாமல் வந்தாய். தலைவலி என்று நினைத்தேன். உன் டிபன் பாக்ஸையும் என் பையில்தான் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் ஊர் முழுவதும் வந்திருந்தது. அதிகாரி ஒருவர் கன்னடத்தில் திட்டத்தை விளக்கினார். பிறகு, பள்ளத்தின் மீன்களைப் பற்றிக் கம்பெனியின் சார்பில் ஆய்வு செய்த நிபுணர் பேசுவார் என்று சொல்லி உன் பெயரைக் கூப்பிட்டார்.

என் பக்கத்திலிருந்து நீ எழுந்து போனாய். ஏதோ தவறுதலாக அழைத்துவிட்டார்கள், போய்த் திருத்திச் சொல்லப்போகிறாய் என்றுதான் அந்த நிமிஷத்திலும் நான் நினைத்தேன்.

கன்னடத்தில் கொஞ்சம் பேசினாய். பிறகு ஊராருக்காகத் தமிழில் சொன்னாய்: "இந்தப் பள்ளத்துல இருக்கறது எல்லாமே மத்த எடத்துலயும் இருக்கற மீனுதானுங்க. இங்க மட்டும்னு தனியா ஒண்ணும் இல்லீங்க."

ராசம்மா அக்காதான் முதலில் எழுந்தார். "ஏனுங்கம்மா, கையில ஒட்டிக்கிச்சுன்னு சத்தம் போட்டீங்களே. இது எங்கயுமே இல்லாத மீனுன்னு என்றகிட்ட நீங்கதான சொன்னீங்க?"

நீ அவர் முகத்தைப் பார்க்காமல், "அது வேற மீனுங்கக்கா. உங்களுக்குச் சரியா ஞாபகமில்ல" என்றாய்.

"நானு பொய் சொல்றனா?"

கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். ராசம்மா அக்கா நின்றபடியே சுற்றிலும் பார்த்தார். அப்போது நான் எழுந்தேன். நாம் பிடித்ததைச் சொன்னேன். பிடித்த அன்றைக்கே கைபேசியில் எடுத்திருந்த மீன் படத்தை எடுத்துக் காட்டினேன். அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உன்னிடம் நீட்டினார். "சாதாரணக் கெளுத்திதாங்க சார்" என்றாய். பாட்டில் இவரிடமே இருக்கிறது, கேளுங்கள் என்றேன். அதற்குத்தான் காய்ந்து போய்விட்டது, தூக்கிப் போட்டாயிற்று என்றாய். அதோடு விட்டிருக்கலாம். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "மேடத்துக்கு ஆர்வம் ஜாஸ்தி. பாக்கற மீனெல்லாம் புதுசாத் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். வகுப்பில் கெட்டிக்காரத்தனமில்லாத ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

கூட்டம் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. நீ கம்பெனி ஜீப்பில் ஏறிப் போனாய். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ராசம்மா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். பஸ் வந்ததும், "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டார். உன் டிபன் பாக்ஸ் என் பையில் ஆறிக் கிடந்தது. மைசூர் வந்து சேர்ந்து, அதைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் அழுதேன்.

மறுவாரமே வலையோடு போனேன், புதிதாக ஒன்று பிடித்து எல்லார் கண்ணிலும் காட்டிவிடலாம் என்று. பள்ளத்தில் செம்மண் வெள்ளம்; கரையில்கூட நிற்க முடியவில்லை. மழை ஓய்ந்தபோது வேலி போட்டு ஆள் நிறுத்தியிருந்தார்கள். மனுக்கள் எழுதினேன். நிபுணர் கருத்து முன்பே பெறப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. நிபுணர் என்றால் நீ.

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நீ காலையில் நடக்கிற நேரம் எனக்குத் தெரியும். அங்கே வந்து உன்னை நிறுத்தினேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பிடு புள்ள. ஒரு மீனுக்காக ஊருக்கு வர்ற கரண்ட நிறுத்தறதா?"

"அதை அங்க சொல்லியிருக்கலாமே. மீன் இருக்கு, ஆனா கரண்ட் முக்கியம்னு சொல்லியிருந்தா நான் உன்கிட்ட சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். நீ மீனே இல்லன்னுட்ட. என்னையும் அந்தக்காவையும் பொய்யாக்கிட்ட."

நீ ஏரியில் இறங்கியிருந்த நாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "உனக்குப் புரியாது" என்றாய். புரிகிற மாதிரி சொல் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சத்தான் செய்தேன். நீ ஷூ லேசைக் குனிந்து கட்டிக்கொண்டு நடந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. மார்க்கெட்டிலோ கல்யாண வீட்டிலோ எதிர்ப்பட்டால் நீ தலையசைப்பாய், நானும் அசைப்பேன். அணை எழும்பியது. அதற்குக் கீழே பள்ளம் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் வெறும் கல்லாகக் கிடந்தது.

நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், நாள் அதிகமில்லை என்று செந்தில் போன் செய்தபோது உடனே வந்தேன். அந்த அறையில் உன்னைப் பார்த்ததும், இவ்வளவு இளைத்த உடம்பிடம் எதையும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தேன். நீயாகச் சொல்வாய் என்று நம்பினேன். "உன்ற முடி இப்படி நரைச்சுப் போச்சே" என்றாய். ஆஸ்பத்திரி ரசத்தில் உப்பே இல்லை என்றாய். பழைய பிரின்சிபாலைப் போல நடித்துக் காட்டினாய். நானும் சிரித்தேன். கிளம்ப எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய். இதோ, இப்போது சொல்லப்போகிறாய் என்று காத்து நின்றேன். "மழை வர்ற மாதிரி இருக்குது, பஸ்ஸுக்கு நிக்காத, ஆட்டோல போ" என்றாய்.

ஆட்டோவில்தான் போனேன். மறுபடி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

காப்பியைக் குடித்து முடித்துச் செந்தில்தான் சொன்னான். கூட்டத்துக்கு முன்பே அணையின் கல்வேலைக் காண்ட்ராக்டை அவன் எடுத்திருந்தானாம். இருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தானாம். திட்டம் நின்றிருந்தால் மூழ்கியிருப்பேன் என்றான். "அக்கா எனக்காகத்தானுங்க அப்படிச் சொல்லுச்சு. கூட்டத்துலருந்து வந்து ரெண்டு நாளு சாப்புடல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, செந்தில்?"

"நானும் கேட்டனுங்க. அவகிட்டச் சொன்னா மனசு மாறிருவேன்னு சொல்லுச்சு."

அவன் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். போன பிறகு நான் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிட்டைச் சும்மா விட்டால் கொஞ்ச காலத்தில் ஆவியாகிப் போகும். கழுத்துவரை நிற்கிறதென்றால் நீ விடாமல் ஊற்றி வந்திருக்கிறாய். மீன்கள் நிறம் மங்கியிருக்கின்றனவே தவிர ஒரு துடுப்புகூட முறியவில்லை. என்ன மீன் என்று தெரிந்தே காப்பாற்றியிருக்கிறாய். ஏரிக்கரையில் நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது இது உன் பீரோவில் இருந்திருக்கிறது. நான் மனு மனுவாக எழுதிக்கொண்டிருந்தபோது இது உன் பீரோவில் இருந்திருக்கிறது. இதைப் பார்த்து நான் இளகுவேன் என்று செந்தில் எதிர்பார்த்தான். எனக்கு வந்தது கோபம்தான், முன்பைவிட அதிகமாக. தெரியாமல் சொன்னாய், மறந்து சொன்னாய் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வதற்கு வைத்திருந்த கடைசிச் சாக்கையும் அந்தப் பாட்டில் எடுத்துவிட்டது.

உன் மாணவி சுமாவிடமும் செந்தில் சொல்லியிருக்கிறான். அவள் இப்போது ஓடை மீன்களில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு நாளில் வந்து நின்றாள். பாட்டிலைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. புதிதாகப் பிடித்த மீனும் கிடைத்தால் கட்டுரை எழுதிவிடலாம் என்றவள், "மீனுக்கு எங்க மேடம் பேரையே வெச்சிடலாம். நீங்களும் சந்தோஷப்படுவீங்க அல்வா, இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நீ அவளுக்கு வலை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள், ஹாஸ்டலுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள். நான் சிரித்துத் தலையாட்டியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இல்லை என்று நீ அடித்துச் சொன்ன மீன், உன் பெயரோடு எல்லா நாட்டுப் புத்தகங்களிலும் ஏறியிருக்கும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டி எதுவும் சொல்லவில்லை, குறைக்கவும் இல்லை. செந்திலுக்காகச் செய்தாய் என்பதையும் சொன்னேன். "மேடமா?" என்று சுமா ஒரு முறை கேட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் இடத்தில் நான் பல வருஷம் இருந்தவள்.

வனத்துறை அனுமதி வாங்கி நேற்று ஊசிப்பள்ளத்துக்குப் போய் வந்தோம். ராசம்மா அக்காவுக்கு முட்டி வலி. ஆனாலும் கூட வந்தார். அணைக்குப் பின்னால் தண்ணீர் பச்சையாகத் தேங்கி, பிளாஸ்டிக் மிதந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே ஏறிப் போனால் பாறைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் மட்டும் பழையபடி பாய்கிறது. சுமா கற்களைப் புரட்டினாள், நான் வலை பிடித்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போன பிறகு, பழுப்பாக ஒன்று வந்து விழுந்தது. மஞ்சள் பட்டை. பிறகு இன்னும் சில. அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் மிச்சமெல்லாம் இருக்கின்றன. ஒரு கோடை பொய்த்தால் அவையும் இருக்காது. அதனால்தான் சீக்கிரம் எழுத வேண்டும், அந்த இடத்தையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கரையில் உட்கார்ந்து சுமாவும் நானும் பேசி முடிவு செய்ததை ராசம்மா அக்காவிடம் சொன்னேன். மீனுக்கு அவர் பெயரை வைக்கப்போகிறோம்.

"என்ற பேரா? மீனுக்கா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "செத்துப்போன அந்தம்மா பேர வெக்கலியா கண்ணு? பாவம், அவிங்கதான மொதல்ல கையில எடுத்தாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்கக்கா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அன்னைக்கு அத்தன பேரு முன்னால கம்பெனிக்காரங்க என்னயப் பாத்துச் சிரிச்சாங்களே" என்றார். அதை அவரும் மறக்கவில்லை.

இன்று காலை சுமா போன் செய்தாள். முதல் மீன்களைப் பிடித்தவர்கள் யார் என்று கட்டுரையில் எழுத வேண்டுமாம். உன் பெயரைப் போடுவதா, என் பெயரை மட்டும் போடுவதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உன் பெயரை முதலில் போடச் சொன்னேன், என் பெயரை இரண்டாவதாக. கல்லைப் புரட்டியது நீ. கையைக் கவிழ்த்துப் பார்த்ததும் நீதான். அது நடந்தது. நீ செய்தது போல, இருந்த ஒன்றை இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை.

ஆனால் இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்குள்ள கோபமும் இருக்கிற ஒன்றுதான். அதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.